நிமிர்ந்து நின்றதற்குத் தண்டம்

தங்கைக்குப் பட்டம் கொடுத்த நாளில் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து கைதட்டியதுதான் அண்ணன் உட்கார்ந்து செய்த ஒரே வேலை என்று அண்ணி சொல்வாள். மற்ற எல்லாவற்றையும் அவர் நின்றுகொண்டுதான் செய்தார். மாவு பிசைவது, உருட்டுவது, தட்டில் அடுக்குவது, நீளக் கைப்பிடி வைத்த மரத்துடுப்பால் தட்டுகளை அடுப்புக்குள் தள்ளி இழுப்பது. டீ குடிப்பதும் அப்படித்தான். பேக்கரியின் பின்னறையில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் சர்க்கரை டின் உட்கார்ந்திருக்கும்.

"ஒரு அஞ்சு நிமிஷம் உட்காரக்கூடாதா?" என்று அண்ணி கேட்டால், "நான் உட்கார்ந்தா மாவும் உட்கார்ந்துடும்" என்பார்.

தங்கை ஒரு கல்லூரியில் உடலியல் பாடம் எடுத்தாள். அவளுடைய ஆராய்ச்சி, மனிதனின் முன்னோர்கள் இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கியபோது உடம்புக்கு என்ன மிச்சமானது, எதற்குக் கூடுதல் பாடுபட வேண்டி வந்தது என்பது. அந்தக் காலத்து மனிதர்கள் யாரும் இப்போது நடந்து காட்டப் போவதில்லை. அதனால் இந்தக் காலத்து மனிதர்களை விதவிதமாக நடக்கவிட்டு, மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்துகொண்டிருந்தாள். அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை. கடைக்கு வருகிறவர்களிடம் அவளை அறிமுகப்படுத்தும்போது, "நம்ம தங்கச்சி. குரங்கு டீச்சர்" என்பார். அவளுக்கு அதில் கோபம் வந்ததில்லை. வீட்டில் அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

ஒருநாள் நடக்க வருவதாகச் சொன்ன ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை. தங்கை அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"நடக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ண்ணா. கொஞ்ச நேரம் வர முடியுமா?"

"நடக்கறதுக்கெல்லாமா ஆள் தேடறீங்க? தெருவுல போய்ப் பாரு, எல்லாரும் சும்மாவே நடக்கறாங்க."

ஆனாலும் வந்தார். மதியச் சுடுதல் முடிந்ததும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு, முழங்கையில் மாவு காய்ந்திருக்க வந்து நின்றார். ஆய்வுக்கூடம் ஒன்றும் பிரமாதமான இடம் இல்லை. கீழ்த்தளத்தில் நீளமான ஓர் அறை. நடுவில் ஒரு டிரெட்மில், பக்கத்தில் குழாய் வைத்த ஒரு பெட்டி, சுவரோரம் படுக்க ஒரு பெஞ்சு. அண்ணனின் மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடியை மாட்டினாள் தங்கை.

"கல்யாணத்தன்னிக்குக்கூட மனுஷன் இவ்வளவு நேரம் வாயை மூடினதில்ல. இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?" என்றாள் அண்ணி.

முதலில் சாதாரணமாக நடக்கச் சொன்னாள். நடந்தார். பிறகு முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, குனிந்த வாக்கில், சிம்பன்சி இரண்டு காலில் போகுமே, அந்த மாதிரி நடக்கச் சொன்னாள். அண்ணன் அதைக் கர்மசிரத்தையாகச் செய்தார். கைகளைத் தொங்கவிட்டு, கண்ணை உருட்டி, நடுநடுவே அண்ணியைப் பார்த்துத் தலையாட்டி. அண்ணி சிரித்துச் சிரித்து பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்திலேயே அவருக்கு இரைத்தது. திரையில் கோடு சரசரவென்று மேலே ஏறிற்று.

"பார்த்தீங்களா? அதே தூரம்தான், அதே வேகம்தான். மடக்கி நடந்தா செலவு எகிறிடுது. காலை நீட்டி நிமிர்ந்து நடக்கப் பழகினதுதான் நமக்குப் பெரிய லாபம். ஒரு சிம்பன்சி நடக்கறதுக்கு ஆகற செலவுல நமக்குக் கால்வாசிதான்."

அடுத்தது நிற்கும் சோதனை. காலை அசைக்காமல், எதிலும் சாயாமல், சும்மா நிற்க வேண்டும். ரத்த அழுத்தத்தையும் இதயத்துடிப்பையும் கருவி பார்த்துக்கொள்ளும்.

"நிக்கறதா? இதுல நான்தான் உங்க எல்லாருக்கும் வாத்தியார்" என்றார் அண்ணன்.

ஆனால் அப்படி நின்றபோதுதான் அவருக்கு முகம் வெளுத்தது. நெற்றியில் வியர்வை பூத்தது. "கண்ணு மங்குதே" என்றவரைத் தங்கை தாங்கிப் பிடித்து, பெஞ்சில் படுக்கவைத்துக் காலைத் தூக்கி வைத்தாள். ஒரு நிமிஷத்தில் முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது. அண்ணி முந்தானையால் அவர் நெற்றியை விடாமல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க அண்ணி. இது யாருக்கும் நடக்கும்" என்று சொல்லிவிட்டுத் தங்கை ஆரம்பித்தாள். சொல்வதில் அவள் கெட்டிக்காரி. "நாலு கால்ல போற மிருகத்துக்குத் தலையும் இதயமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். நாம நிமிர்ந்துட்டோம். தலை மேல போயிடுச்சு, கால் ரொம்பக் கீழ போயிடுச்சு. கால்ல இறங்கின ரத்தம் அவ்வளவு தூரம் ஏறி வரணும். அதுக்குத் தனியா மோட்டார் கிடையாது. கெண்டைக்கால் சதைதான் மோட்டார். நடக்கறப்போ அது ரத்தக்குழாயை அழுத்தி மேல தள்ளும். உள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு, திரும்பக் கீழ வழிய விடாது. அசையாம நின்னா மோட்டார் நின்னு போச்சு. ரத்தம் கால்ல தேங்கிடும், தலைக்கு வர்றது குறைஞ்சிடும்."

அண்ணன் படுத்தபடியே யோசித்தார்.

"அப்போ நடக்கறதுல சிக்கனம். நிக்கறதுக்குத் தண்டம்."

தங்கைக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. "நிமிர்ந்து நின்னதுக்குத் தண்டம்! இதை நான் கிளாஸ்ல சொல்லப் போறேன்ண்ணா."

"சொல்லிக்கோ. என் பேரையும் போடு."

அவருடைய பேன்ட் முழங்கால்வரை சுருண்டிருந்தது. இடது காலில் கெண்டைக்குப் பின்னால் நரம்புகள் புடைத்து, மரத்தின் வேர் மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி முறுக்கிக்கொண்டு ஓடின. கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்திருந்தது. இத்தனை வருஷம் அடுப்புச் சூட்டில் நின்ற கால். பாடத்தில் அவள் காட்டுகிற படங்கள் எல்லாமே இதைவிடச் சாதாரணமானவை. தங்கை செல்போனை எடுத்தாள்.

"அசையாதீங்க. வெளிச்சம் இந்தப் பக்கம்தான் நல்லா இருக்கு."

"என் மூஞ்சியை விட்டுட்டுக் காலை எடுக்கறா பாரு" என்று அண்ணன் அண்ணியிடம் சொன்னார்.

தங்கை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே, "இதை எப்பவாவது ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணா" என்றாள். எந்த டாக்டர் என்று சொல்லவில்லை. எப்போது என்று அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பேக்கரியில் புதிதாக ஒரு பிரசங்கம் தொடங்கியது. முழங்கால் வலி என்று யாராவது சொல்ல வேண்டியதுதான், அண்ணன் கையிலிருக்கும் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பிப்பார். மோட்டார், கதவு, தண்டம் எல்லாம் வரும். தபால்காரருக்குச் சொன்னார். எதிர்க்கடைத் தையல்காரருக்குச் சொன்னார். பன் வாங்க வந்த ஒரு பாட்டியம்மா, "நான் என்னத்த நிமிர்ந்தேன், எனக்கு எப்பவோ கூன் விழுந்தாச்சு" என்றபோது, "அப்போ உங்களுக்குத் தண்டத்துல தள்ளுபடி" என்றார். இதையெல்லாம் கேட்கத் தங்கைக்குப் பெருமையாக இருந்தது. பெரிய கூட்டத்தில் பேசிக் கிடைக்காத திருப்தி அதில் இருந்தது. தன் வேலை ஒரு பேக்கரிவரை வந்துவிட்டதே என்று நினைத்தாள்.

அந்தக் காலுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றெல்லாம் இல்லை, தோன்றவில்லை. அண்ணனும் பாதத்தில் கனம், சாயங்காலமானால் வீக்கம், அரிப்பு எல்லாவற்றையும் அந்தக் கதைக்குள் போட்டு மூடிவிட்டார். காரணம் தெரிந்துவிட்ட வலியை அவர் பொருட்படுத்தவில்லை.

கல்யாண மாதம் வந்தது. ஒரே வாரத்தில் மூன்று பெரிய வீட்டு ஆர்டர். கூட வேலை செய்தவர் ஊருக்குப் போயிருந்தார். அண்ணன் அடுப்பை விட்டு நகரவே இல்லை. அடுக்கடுக்காய்க் கேக், அதன் மேல் பூ வேலை. அதற்கு நடக்கக்கூட வேண்டியதில்லை, ஒரே இடத்தில் குனிந்து நிற்க வேண்டும். அந்த வாரத்தில்தான் தங்கை வெளியூர்க் கருத்தரங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பெட்டியில் துணி அடுக்கியபடி, பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"இடது கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கும்மா. நேத்திலிருந்து. கால் செருப்புக்குள்ள போகமாட்டேங்குது. உங்க அண்ணி டாக்டர்கிட்ட போகலாங்கறா. நான்தான் உன்கிட்ட கேட்டுக்கறேன்னேன்."

"நாள் பூரா நிக்கறீங்களா?"

"பின்ன? கேக்கைப் படுத்துக்கிட்டா செய்ய முடியும்?"

தங்கை சிரித்தாள்.

"இது உன்னோட அந்தக் கதைதானே?" என்று கேட்டார் அண்ணன்.

"அதேதான்ண்ணா. தண்டம் கட்டறீங்க. ராத்திரி காலுக்கு ரெண்டு தலையணை வச்சுப் படுங்க. நான் வந்ததும் பார்க்கறேன்."

"அதானே பார்த்தேன்" என்று அவர் போனைத் தள்ளிப் பிடித்து அண்ணியிடம் சொல்வது கேட்டது. "எல்லா மனுஷனுக்கும் வர்றதுதானாம். சொல்லிட்டா."

ஒரு கால் மட்டுமா, இரண்டுமா என்று அவள் கேட்டிருக்கலாம். தொட்டால் சுடுகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். அவள் மருத்துவர் இல்லைதான். ஆனால் ரத்தம் கால் நாளத்தில் உறைந்தால் ஒரு கால் மட்டும் வீங்கும், அந்தக் கட்டி கழன்று மேலே போனால் நுரையீரலை அடைக்கும் என்பது அவள் படித்த படிப்பில் இருந்தது. அந்தக் கேள்விகள் அவளுக்குத் தெரியும். அவள் கையில் அப்போது ஒரு நீலச் சேலை இருந்தது, அது கருத்தரங்குக்குப் பொருந்துமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு நன்றாகப் போயிற்று. "நடையில் சிக்கனம், நிற்பதற்குத் தண்டம்" என்ற இடத்தில் அரங்கம் சிரித்தது. திரையில் அண்ணனின் கால் பெரிதாகத் தெரிந்தது. ஒரு பேராசிரியர் பிறகு வந்து, அந்தப் படம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். "சொந்தப் படம்" என்றாள்.

அறைக்குத் திரும்பிப் போனை எடுத்தபோது அண்ணியின் அழைப்புகள் வரிசையாக இருந்தன.

அண்ணன் கேக்கைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். மூச்சு விட முடியவில்லை. எதிர்க்கடைத் தையல்காரர்தான் ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்.

தங்கை போய்ச் சேர்ந்தபோது அவருக்கு ஆபத்து கொஞ்சம் தணிந்திருந்தது. மூக்கிலும் வாயிலும் முகமூடி. அவள் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். போர்வைக்கு வெளியே இரண்டு காலும் தெரிந்தன. இடது கால் வலது காலைவிட நன்றாகப் பருத்து, மினுமினுவென்று சிவந்திருந்தது. யார் பார்த்தாலும் தெரிகிற வித்தியாசம் அது. மருத்துவப் படிப்பு தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

மறுநாள் முகமூடியை எடுத்திருந்தார்கள். வார்டு டாக்டர் வந்தார். இளம்பெண். களைத்திருந்தாள். குறிப்புகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கால் வீங்கி எத்தனை நாள் ஆச்சு?"

"ரெண்டு மூணு நாள் இருக்கும்."

"ஒரு கால் மட்டும் இப்படி வீங்கியிருக்கு. யார்கிட்டயும் காட்டலையா? யார்கிட்டயும் கேட்கலையா?"

தங்கை கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். அண்ணி ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், அவள் விரல்கள் நின்றன.

"இல்லைங்க" என்றார் அண்ணன். "வேலை மும்முரத்துல யார்கிட்டயும் கேட்கலை. தப்பு என்மேலதான்."

டாக்டர் தலையாட்டினாள். இனிமேல் இப்படி அலட்சியமாக இருக்கக் கூடாது என்று ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் அவருக்குச் சொன்னாள். அண்ணன் சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டார். தங்கைக்கு வாய் வரை வந்தது. "என்கிட்டதான் கேட்டார்" என்று சொல்ல இரண்டு வார்த்தை போதாதா? கருத்தரங்கில் கொடுத்த அடையாள அட்டை இன்னும் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, முந்தின நாள் ரயிலிலிருந்து நேராக வந்ததில் கழற்ற மறந்திருந்தாள். அதைக் கையால் மறைத்துக்கொண்டாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அன்று வெளியே வராந்தாவில் அண்ணி அவளிடம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. "நான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னுதான் சொன்னேன். நீ சொன்னதுக்கப்புறம் அவர் என் பேச்சை எடுத்துக்கவே இல்லைம்மா. நீ படிச்சவ." பிறகு, "உன்னைக் குத்தம் சொல்லலை" என்றாள். அப்படிச் சொன்னது போதாதென்று தோன்றியதோ என்னவோ, ஆரஞ்சில் பாதியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள்.

அண்ணன் பிழைத்து வந்தார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, காலுக்கு இறுக்கமான காலுறை, நிறைய எச்சரிக்கைகள். உள்ளே இருந்த கதவுகள் கெட்டுப்போய்விட்டன, அந்தக் கால் இனி முழுசாக வடியாது என்று சொல்லிவிட்டார்கள். அடுப்பு முன் நிற்கிற வேலை அத்தோடு முடிந்தது. கொஞ்ச நாள் ஆள் வைத்துப் பார்த்தார். பன்னில் அவர் கை இல்லை என்று வாடிக்கைக்காரர்கள் உடனே கண்டுபிடித்தார்கள். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு பெரிய ரொட்டித் தொழிற்சாலையின் பாக்கெட்டுகளை வாங்கி அடுக்கினார். கடை வாசலில் நின்றாலே வந்த வாசனை போயிற்று. அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தார். உட்காருவதை அவர் ஒரு புதுமொழி பேசுவதுபோல் தடுமாறித்தான் செய்தார். நடுநடுவே எழுந்துவிடுவார், பிறகு ஞாபகம் வந்து உட்காருவார்.

தங்கை அந்தப் படத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டாள். அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கட்டுரை வெளிவந்தது, பாராட்டு வந்தது. அண்ணனிடம் அவள் அதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போவாள். விலைவாசி பேசுவார்கள், மழை பேசுவார்கள். அண்ணி இருவருக்கும் டீ வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். முன்பெல்லாம் அந்த வீட்டில் ஒருவர் பேசி முடிக்கும் முன் இன்னொருவர் ஆரம்பிப்பது வழக்கம்.

தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அண்ணன் தனியாகப் போகச் சங்கடப்பட்டார், தெருவில் தெரிந்தவர்கள் நிறுத்தி நிறுத்திக் கால் எப்படி என்று கேட்டார்கள். தங்கை சாயங்காலம் கல்லூரி முடிந்து நேராக வரத் தொடங்கினாள். முதல் நாள் அவர் வேண்டாமென்றார். மறுநாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தார்.

பேக்கரித் தெருவைத் தாண்டி, பள்ளிக்கூடச் சுவரோரமாகப் போவார்கள். அவர் மெதுவாக நடந்தார். இவ்வளவு மெதுவாக நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாகச் செலவாகும், உடம்புக்குத் தோதான ஒரு வேகம் உண்டு, அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் நஷ்டம்தான் என்பதை அவள் எத்தனையோ பேரை அளந்து பார்த்து அறிந்திருந்தாள். அதையெல்லாம் சொல்லாமல் தன் காலையும் மெதுவாக்கிக்கொண்டாள்.

ஒருநாள் பள்ளிச் சுவர் முடிகிற இடத்தில் அவளால் தாங்க முடியவில்லை.

"அன்னைக்கு டாக்டர் கேட்டப்போ நான் சொல்லியிருக்கணும்ண்ணா. நீங்க என்கிட்ட கேட்டீங்கன்னு. நீங்க எனக்காகப் பொய் சொன்னீங்க. நான் பேசாம நின்னேன்."

அவர் நடப்பதை நிறுத்தவில்லை.

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

"போன்ல கூட... ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும்."

"ஆமாம்."

அவள் அழுதாள். தெருவில் சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"இந்தா பாரு," என்றார் அண்ணன். "கோபமே இல்லைன்னு சொன்னா அது இன்னொரு பொய். அடுப்பைப் பார்க்கறப்போ எல்லாம் வருது. உன் மேலயும் வருது, என் மேலயும் வருது. உங்க அண்ணி சொன்னதைக் கேட்டிருந்தா போதும், எனக்கு அவ பேச்சு உன் பேச்சைவிடச் சின்னதாத் தெரிஞ்சுது பாரு, அதுக்கு நான் யார்கிட்ட போய் நிக்கறது? ஆனா நீ வராத அன்னைக்கு நான் நடக்கறதில்லை. அதையும் சொல்லிடறேன்."

கொஞ்ச தூரம் போனார்கள். அவருக்கு இரைத்தது. ஒரு மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வலிக்குதாண்ணா?"

"இறுக்குது."

"எங்க? தொட்டுப் பார்க்கட்டுமா?"

அவர் யோசித்துவிட்டு வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். தங்கை தெருவிலேயே குத்தவைத்து உட்கார்ந்து, காலுறைக்கு மேலே கையை வைத்துப் பார்த்தாள். பிறகு மற்ற காலையும் தொட்டுப் பார்த்தாள். சூட்டில் வித்தியாசம் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிடலாம். நானும் வர்றேன். என்ன நடந்ததுன்னு நானே சொல்றேன்."

"இப்போ சொல்லி என்ன ஆகப் போகுது?"

"ஒண்ணும் ஆகாது."

அவள் எழுந்திருக்க அண்ணன் கை கொடுத்தார். வீடு திரும்பும் வழி லேசான மேடு. அவர் அவள் தோளில் பாதிப் பாரத்தைப் போட்டுக்கொண்டு ஏறினார்.